ஐம்பத்தாறு டிகிரி

டிக்கெட் பைக்குள் மூன்று குப்பிகளைக் கொண்டுவந்தார் மாசானம்.
ராத்திரி பதினொன்று, விடியல் ஐந்து, மத்தியானம் ஒன்று
என்று தாள் ஒட்டி, நூல் கட்டி.
மத்தியானத்துக் குப்பி சாதாரண மஞ்சள்.
விடியலுடையது கருப்பட்டிக் காப்பி.
"தூங்குத நேரம் பாத்து எவனோ உள்ள வந்து
அடிச்சிட்டுப் போறாம்மா" என்றார்.
பாபநாசம் வண்டியில் பதினாலு வருஷம் கண்டக்டர்.
இப்போது சேரன்மகாதேவி தாண்டுவதற்குள்
கம்பியைப் பிடித்து நின்றுவிடுகிறாராம்.

வந்தவன் வெளியாள் இல்லை.
ஈரலில் பிறந்து
ரத்தத்தின் தண்ணீரில் மிதந்துகொண்டே இருப்பது.
தமிழ்ப் புத்தகத்தில் நிரப்புப் புரதம் என்று போட்டிருக்கும்.
அது எதையும் நிரப்பி நான் பார்த்ததில்லை.
துளைதான் போடும்.

எண்கள் உண்டு: ஒன்று, நான்கு, இரண்டு, மூன்று,
அப்புறம் ஒழுங்காக ஐந்திலிருந்து ஒன்பது.
பேரை முதலில் வைத்துவிட்டார்கள்,
வேலையின் வரிசை பிறகுதான் தெரிந்தது.
மாசானம் இதற்கு மட்டும் சிரித்தார்.
"நாலாம் ஸ்டேஜ் ரெண்டுக்கு முந்தி வந்தா
வேபில் டேலி ஆவாதுல்லா!"

மூன்று யாருக்கும் காத்திருப்பதில்லை.
கிருமி வந்தாலும் வராவிட்டாலும்
தானாகக் கொஞ்சம் கொஞ்சம் உடைந்து
பக்கத்தில் எது இருந்தாலும் கை வைக்கும்.
கிருமி என்றால் அங்கேயே பெருகும்,
ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி,
கடைசியில் ஒன்பதுகள் வட்டமாய் நின்று
சவ்வில் கிணறு வெட்டும்.
தண்ணீர் உள்ளே பாயும்,
செல் உப்பி உடையும்.

நம் செல் என்றால் அதன்மேல் ஒரு சீட்டு இருக்கும்.
கையை எடுத்துக்கொள்ளும்.
எனக்கும் உங்களுக்கும், இந்த வரியின் நடுவில்கூட,
எத்தனை கைகள் வைத்தும் எடுத்தும்.

மாசானத்தின் மஜ்ஜையில் என்றோ ஒரு செல்
ஊசியை மறந்துவிட்டது.
சீட்டு அச்சாகிறது,
சட்டையில் குத்தத்தான் ஒன்றுமில்லை.
அதன் பிள்ளைகளும் அப்படியே
வெறும் சட்டையோடு ரத்தத்தில் இறங்கின.

அன்றைக்கு அது ஊகம்தான்.
ஹைகிரவுண்டில் அந்த வருஷம் இதற்கு மெஷின் கிடையாது.
பழைய முறை: அவர் செல், நல்ல சீரம்,
கொஞ்சம் அமிலம், முப்பத்தேழு டிகிரி, ஒரு மணி நேரம்.
நல்ல சீரத்துக்கு எங்கே போவது?
அவர் பி. நானும் பி.
வார்டு அந்தோணியைக் கூப்பிட்டு
இடது கையில் கட்டச் சொல்லி, நானே குத்திக்கொண்டேன்.

முதல் குழாயில் என் செல், என் சீரம்.
இரண்டில் அவர் செல், என் சீரம்.
மூன்றிலும் அதேதான், ஆனால் சீரத்தை முன்பே
அரை மணி ஐம்பத்தாறு டிகிரியில் வைத்திருந்தேன்.
ஜங்ஷன் டீயின் சூடுகூட இல்லை அது.
அதற்கே செத்துப்போகும் இந்தக் காவல்.

ஒன்றில் செல்கள் அடியில் படிந்து
மேலே வைக்கோல் நிறத் தெளிவு.
மூன்றிலும்.
இரண்டில் மேலே நின்ற நீர் சிவந்திருந்தது.
கலங்கலே இல்லாத, கண்ணாடிச் சிவப்பு.
அவரை அறியாத என் ரத்தம் செய்தது,
கோபமில்லாமல்,
என்னைப் பெரியம்மையும் கொப்புளமுமாய் விடாமல்
இத்தனை காலம் வைத்திருந்த அதே கையால்.
பெரியம்மை என்றது மிகை. தெரியும். இருக்கட்டும்.

டாக்டர் பாசிட்டிவ் என்று எழுதினார்.
மாத்திரை, ரத்தம் ஏற்றுவது,
வயிறு வலித்தால் எந்த நேரமும் வரவேண்டியது.
மாசானம் இரண்டாம் குழாயை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இது யாரு ரத்தத் தண்ணிம்மா?"
சொன்னேன்.
குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
முழங்கை மடிப்பில் இருந்த பஞ்சைப் பார்த்தார்.
"குத்துன இடம் வலிக்காம்மா?" என்றார்.

காலிக் குப்பிகளைக் கழுவிக் கேட்டார்.
நாளை விடியலுக்கும் வேண்டுமே.